கயிறில்லாத வீடு

நம் வயசுக்காரர்களில் முழங்கால் வலிக்காதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். எனக்கு இரண்டும் வலிக்கின்றன. அதனால்தான் போன மாதம் சித்தூருக்கு வெளியே ஒரு மாந்தோப்பில், கயிறு கட்டி மரமேற்றுகிற இடத்துக்குப் போனபோது, கேட்காமலேயே எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். என் மகள் ஆபீஸ் ஆட்களோடு வந்திருந்தாள். துணைக்கு நான். டிக்கெட் வாங்கித்தான் மரம் ஏற வேண்டுமாம். நாமெல்லாம் மரம் ஏறினதற்கு வாங்கியது அடி மட்டும்தான்.

சீருடை போட்ட பையன் ஒருவன் மகளின் இடுப்பில் பட்டையை மாட்டி, கயிற்றைக் கட்டி, "போலாம் மேடம்" என்றான். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"தம்பி, முடிச்ச யாரு பாத்தது?"

"நான்தாங்க கட்டினேன்."

"கட்டினது நீ. பாத்தது யாரு?"

பெரியம்மாவுக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டு அவன் சிரித்தான். மகள், "ஆரம்பிச்சிட்டியா" என்று பல்லைக் கடித்தாள். ஆனாலும் அவன் நல்ல பையன். இன்னொருவனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னான். அவன் முடிச்சைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டின பிறகுதான் நான் உட்கார்ந்தேன். எனக்கு இருப்பது பயம் இல்லை, பழக்கம். மாம்பழக் கூடையை நான் கட்டினால்கூட யாரையாவது கூப்பிட்டு முடிச்சைப் பார்க்கச் சொல்வேன். வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். செய்யட்டும். இந்தப் பழக்கம் எனக்கு எங்கே ஒட்டிக்கொண்டது என்று உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் கயிறு கிடையாது. ஆந்திராவில், சித்தூர் ஜில்லா புத்தூரில், பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் ஓடு போட்ட வீடு. துணி காயப்போட இரும்புக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. கம்பி துருப்பிடித்து, என் வெள்ளைச் சட்டை எல்லாவற்றிலும் செம்பட்டையாக ஒரு கோடு விழுந்திருக்கும். கிணற்று வாளிக்குச் சங்கிலி. அம்மா தண்ணீர் இழுத்தால் தெருக்கோடி வரைக்கும் கடகடவென்று கேட்கும். எனக்குத் தூளிகூடக் கட்டவில்லையாம், மரத்தொட்டில்தானாம். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். பசு வாங்கலாம் என்று அவர் ஒருமுறை ஆசைப்பட்டுச் சொன்னார். அம்மா வேண்டாம் என்றாள். பசு வந்தால் கூடவே கயிறும் வரும்.

எங்கள் தெருப் பெண்கள் தாலியை மஞ்சள் கயிற்றில் போட்டிருந்தார்கள். எங்கள் அம்மா மட்டும் நூல் மாதிரி ஒரு சங்கிலியில் போட்டிருந்தாள். அதற்காக அவளுக்குப் பெருமைக்காரி என்று பெயர். பக்கத்து வீட்டு அத்தை எதையோ கட்டுவதற்குக் கயிறு கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பினதிலிருந்து கஞ்சப்பிசினாரி என்று இன்னொரு பெயரும் சேர்ந்துகொண்டது. எனக்கு இதிலெல்லாம் ஒரு விசித்திரமும் தெரியவில்லை. தன் வீடு மற்ற வீடுகள் மாதிரி இல்லை என்று எந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது?

நான் ஆறாவது முடித்த கோடையில்தான் டிரில் டீச்சர் கயிற்றோடு வந்தாள்.

அவள் எங்கள் பள்ளிக்கு வந்தது அதற்கு முன்பே. தற்காலிக வேலை, எங்கள் தெருவிலேயே ஒரு மாடி அறையில் வாடகை. சின்ன வயசு, எங்கள் அம்மாவுக்குத் தங்கை மாதிரி இருப்பாள். திருப்பதிக்காரி. அவள் அப்பா மலைமேல் கோயிலில் கைங்கரியம் செய்கிறவர். காலேஜில் என்.சி.சி.யில் இருந்தபோது அவளை வடக்கே இமயமலைப் பக்கம் அனுப்பிப் பாறையேறப் பழக்கியிருக்கிறார்கள். அங்கே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு கயிற்றைக் கொடுத்தாராம். ஊரில் பனிமலைக்கு எங்கே போவது? திருப்பதியிலும் காளஸ்தியிலும் கண்ட மரத்தில் எல்லாம் அந்தக் கயிற்றைப் போட்டு ஏறிப் பழகிவிட்டாள். பொம்பளைப்பிள்ளை மரம் ஏறுகிறதா என்று யாரோ கேட்டதற்கு அவள் சொன்ன பதில் புத்தூர் முழுக்கப் பிரபலம்.

"எங்காத்துல எல்லாரும் மலை ஏறறவாதான். நான் மரம் ஏறினா மட்டும் தப்பாயிடுமா?"

லீவில் காலை வேளைகளில் விருப்பப்பட்ட பிள்ளைகள் வரலாம் என்று சொன்னாள். பள்ளி மைதானத்தின் ஓரத்தில், பஸ் நிற்கிற ரோட்டைப் பார்த்த மாதிரி ஒரு தூங்குமூஞ்சி மரம். அகலமான மரம். அதன் கீழே எங்கள் பிரேயரே நடக்கும். பிசுபிசுவென்று காய் உதிர்ந்து செருப்பில் ஒட்டிக்கொள்ளும். பொழுது சாய்ந்தால் இலைகள் மூடிக்கொண்டு மரமே இளைத்துப்போன மாதிரி ஆகிவிடும்.

முதல் நாள் அவள் பையைத் திறந்து கயிற்றை வெளியே எடுத்தபோது நாங்கள் வாயைப் பிளந்தோம். வெள்ளைக் கயிறு, அதில் நீலப் புள்ளிகள். கட்டைவிரல் தடிமன். தேங்காய் நார் மாதிரி குத்தவில்லை, புதுத் துண்டு மாதிரி மெத்தென்று இருந்தது. பூட்ஸ் பாலிஷும் வெயிலும் கலந்த ஒரு வாசனை. கயிற்றை மிதிக்கக் கூடாது என்பது அவள் சொன்ன முதல் சட்டம். மிதித்தால் மண் உள்ளே போய் இழையை அறுக்குமாம். எங்களுக்கு அதெல்லாம் எங்கே புரிந்தது? தெரியாமல் கால் பட்டுவிட்டால், புத்தகத்தில் கால் பட்டால் செய்கிற மாதிரி, கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். டீச்சர் சிரித்தாளே தவிர வேண்டாம் என்று சொல்லவில்லை.

மணல் போட்ட சின்னத் துணிப்பையில் மெல்லிய நூலைக் கட்டி, காலுக்கு நடுவே ஊஞ்சல் மாதிரி ஆட்டி, ஒரே வீச்சில் கிளைக்கு மேலே போடுவாள். நூலோடு கயிறு மேலே போய் அந்தப் பக்கம் இறங்கும். மரப்பட்டை தேயாமல் இருக்கக் கிளையில் சைக்கிள் டியூபைச் சுற்றிவிடுவாள். இடுப்பிலும் தொடையிலும் பட்டை மாட்டி, கயிற்றின் ஒரு முனையை அதில் கட்டி, அந்த முனையில் மிச்சமிருப்பதை வைத்து இன்னொரு பக்கத்துக் கயிற்றில் நழுவுகிற முடிச்சு ஒன்றைப் போடுவாள். காலை உந்தி எழுந்தால் முடிச்சை மேலே தள்ளலாம். உட்கார்ந்தால் அது அப்படியே பிடித்துக்கொள்ளும். எழுந்து, தள்ளி, உட்கார்ந்து, கம்பளிப்பூச்சி மாதிரி மேலே போக வேண்டியதுதான். இடையில் களைத்தால் காற்றிலேயே உட்கார்ந்து இளைப்பாறலாம்.

ஏறுவதற்கு முன்னால் அவள் ஒரு காரியம் செய்வாள். தன் முடிச்சைத் தானே கட்டிவிட்டு, எங்களில் யாரையாவது கூப்பிட்டு, "பாத்துச் சொல்லு" என்று நிற்பாள். நேற்று கற்றுக்கொண்ட வாண்டு ஒன்று இமயமலை பார்த்தவளின் முடிச்சைத் தடவிப் பார்த்து, "சரியா கீது டீச்சர்" என்று சொன்ன பிறகுதான் காலைத் தூக்குவாள்.

"உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?" என்று நான் கேட்டேன்.

"தெரியும். அதனாலதான் என்னை நான் நம்பப்படாது. நம்ம முடிச்சு நம்ம கண்ணுக்குச் சரியாத்தான் தெரியும். இன்னொருத்தர்தான் பாக்கணும்."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். நாளைக்கு என் முறை என்றேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே இருந்தாள்.

"கயிறு வேணா."

"மரம் ஏற வேணாமா?"

"மரம் ஏறு. யாரு வேணாங்கறா. கயிறு கட்டிக்காத."

"விழுந்துட்டா?"

"விழுந்தா கட்டு போட்டுக்கலாம்."

நீங்கள் சிரிக்கக் கூடாது. புத்தூர்க்காரர்களுக்கு எலும்பு முறிவது ஒரு பெரிய விஷயமே இல்லை. எங்கெங்கிருந்தோ கையையும் காலையும் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்குத்தான் கட்டு போட்டுக்கொள்ள வருகிறார்கள். மூங்கில் பட்டையும் முட்டை வெள்ளையும் பச்சிலையும் இருக்கும்போது விழுந்தால் என்ன என்பது ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்காமலேயே தெரியும். ஆனால் விழாமல் காப்பாற்றுகிற கயிற்றை வேண்டாம் என்று சொன்ன தாய் புத்தூரிலும் ஒருத்திதான்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தக் கோடையில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு தடவை அந்தக் கயிற்றில் மேலே போய், காற்றில் உட்கார்ந்து, கீழே இருக்கிறவர்களைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். நைனாவிடம் கேட்கலாம் என்றால் அவர் ஊரில் இல்லை. மாம்பழ சீசனில் சித்தூரில் கூழ் ஃபேக்டரிக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருவார், மஞ்சள் பிடித்த விரல்களோடு, ஒரு பை பெங்களூரா மாம்பழத்தோடு. மாங்காய்ப் பால் பட்டுப்பட்டு அவர் உள்ளங்கைத் தோல் உரிந்திருக்கும். வந்தவுடன் அவர் மடியில் ஏறி வழக்கை வைத்தேன்.

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா வேறெங்கோ பார்த்தாள்.

"அம்மா சொல்றத கேளு கண்ணு" என்றார்.

"இன்னாத்துக்கு வேணாமாம்?"

"வேணான்னா வேணாதான். மாம்பழம் துன்னு."

நான் துன்னவில்லை. அது ஒன்றுதான் என்னால் முடிந்த எதிர்ப்பு.

தினமும் போய் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஏறுவதைப் பார்த்தேன். மற்றவர்களின் முடிச்சைப் பார்க்கிற வேலை எனக்கு. டீச்சர் முடிச்சுகளைச் சொல்லிக்கொடுக்கும்போது என் கை சும்மா இருக்காது. வீட்டில் பழகிப் பார்க்கக் கயிறு ஏது? தலையில் கட்டுகிற சிவப்பு ரிப்பன் இருந்தது. ஒரு மத்தியானம் ஜன்னல் கம்பியில் ரிப்பனின் ஒரு முனையைக் கட்டி, இன்னொரு முனையில் வளையம் போட்டேன். நன்றாக வந்தது. அதை அப்படியே தொங்கவிட்டு, யாரிடமாவது காட்டலாம் என்று வெளியே ஓடினேன்.

திரும்பி வந்தபோது அம்மா ஜன்னலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அரிவாள்மணை. ரிப்பன் துண்டு துண்டாகக் கிடந்தது. அடிப்பாள் என்று நின்றேன். அவள் என்னை இழுத்து மடியில் போட்டு, என் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் கை சில்லென்று இருந்தது, அந்த வெயிலில். எனக்கு ரிப்பன் போன கோபம். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. அடுத்த நாளிலிருந்து என் பின்னலுக்கு ரப்பர் பேண்டு வந்தது.

கோடை மழை ஒன்று பெய்து விட்ட காலையில், அம்மா சொன்ன சட்டப்படியே கயிறில்லாமல் மரம் ஏறினேன். டீச்சர் மரத்துக்கு அந்தப் பக்கம் கயிற்றை உலர்த்திக்கொண்டிருந்தாள். கிளை பிரிகிற முதல் கவை வரைக்கும் போனேன். பட்டை ஈரமாக இருந்தது. வழுக்கினது நினைவிருக்கிறது, விழுந்தது நினைவில்லை. கண்ணைத் திறந்தபோது வலது கை முழங்கைக்குக் கீழே தப்பான இடத்தில் வளைந்திருந்தது. டீச்சர் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

கட்டு போட்டபோது அம்மா துளிகூடக் கலங்கவில்லை. என் முகத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டு, "நான் சொல்லல? கட்டு போட்டுக்கலாம்னு" என்று சிரித்தாள். பச்சிலைச் சாறும் முட்டையும் கலந்த அந்த நாற்றம் நாளாக ஆக மோசமாகிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டு நாய்க்கு மட்டும் என்னை ரொம்பப் பிடித்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் டீச்சர் வீட்டுக்கு வந்தாள். தோளில் கயிற்றுப்பை. நான் பாயில் படுத்துத் தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். தூங்குகிற பிள்ளைகள் எதிரில்தான் பெரியவர்கள் உண்மை பேசுவார்கள் என்று நமக்கெல்லாம் தெரிந்த விஷயம்தானே.

"அக்கா, நான் சண்டை போட வரலை" என்றாள் டீச்சர். "கயிறு வேணாம்னேள். கயிறில்லாம ஏறி விழுந்துட்டா. கயிறு இருந்திருந்தா விழுந்திருக்கவே மாட்டா. நேக்கு ஏன்னு புரியலை, அவ்ளோதான்."

அம்மா ரொம்பச் சாதாரணமான குரலில், அரிசி விலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

"எனக்கு ஒரு அக்கா இருந்தா டீச்சர். வரதய்யபாளையத்துல, எங்கம்மா வூட்ல. கல்யாணம் ஆயி, போன எடத்துல இருக்க முடியாம திரும்பி வந்துட்டா. பேசமாட்டா. சிரிக்கமாட்டா. கொஞ்ச நாள் போனா சரியாயிடும்னு எல்லாரும் அவங்கவங்க வேலைய பாத்துக்கினு இருந்தாங்க. ஒரு நாளு, இன்னிக்கி எங்கூட இருடின்னு கேட்டா. நான் தண்ணிக்கி போயிட்டு வந்துடறேன்னு போனேன். வந்து பாத்தா மாட்டுக் கொட்டாயில…" அம்மா நிறுத்தினாள். "மாடு கட்ற கயிறு டீச்சர்."

டீச்சர் பையைத் தோளிலிருந்து கழற்றி, முதுகுக்குப் பின்னால் மறைத்துவைத்தாள். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். கம்பியும் சங்கிலியும் மரத்தொட்டிலும் வராத பசுவும் எல்லாம் ஒன்றாக வந்து என் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. முழுசாகப் புரியவில்லை. அம்மா பாவம் என்பது மட்டும் புரிந்தது.

"அவள யாருமே பாக்கல டீச்சர். எதிர்ல தான் இருந்தா. யாரும் பாக்கல."

டீச்சர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அதற்காகவே அவளை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். எழுந்து போகப் பார்த்தாள். அம்மாதான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அத எடுங்க. பாக்கறேன்."

"வேணாம்க்கா."

"எடுங்க."

எங்கள் வீட்டுக்குள் முதல்முதலாகக் கயிறு வந்தது அப்படித்தான். டீச்சர் கயிற்றின் முனையில் ஒரு வளையம் போட்டுத் தன் மணிக்கட்டை அதற்குள் விட்டு, நீளமான பக்கத்தை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"இழுங்கோ."

அம்மா மெதுவாக இழுத்தாள்.

"பலமா. உங்களால முடிஞ்ச மட்டும்."

அம்மா இழுத்தாள். அப்புறம் எழுந்து நின்று, சுவரில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தாள். டீச்சர் பாயோடு வழுக்கிக்கொண்டு வந்தாளே தவிர, வளையம் சுருங்கவில்லை. அவள் கை அதற்குள் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. நான் தூங்குகிறேன் என்பதை மறந்து சிரித்துவிட்டேன்.

"இறுக்கல" என்றாள் அம்மா.

"இறுக்காது. ஆள் ஏறறதுக்குன்னே இருக்கற முடிச்சு இது. எவ்ளோ பாரம் போட்டாலும் வளையம் அதே அளவுதான்."

அம்மா தன் கையை வளையத்துக்குள் விட்டு இழுக்கச் சொன்னாள். அடுத்து என் நல்ல கையை. பிறகு தன் காலை. டீச்சருக்கு மோர் கொடுத்துவிட்டு வந்து மறுபடியும் இழுத்தாள். அன்று மத்தியானம் முழுக்க எங்கள் வீட்டில் அதே வேலைதான் நடந்தது. சாயந்திரத்துக்குள் அம்மாவுக்கு அந்த முடிச்சு போட வந்துவிட்டது. எனக்கு நாள் கணக்கில் பிடித்தது அவளுக்கு ஒரே மத்தியானத்தில் வந்துவிட்டது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பள்ளி திறப்பதற்கு முன்னால் டீச்சருக்கு நாயுடுபேட்டையில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசியாக ஒருமுறை மரம் ஏறலாம் என்று பிள்ளைகளைக் கூப்பிட்டாள். என் கையில் இன்னும் கட்டு. நான் ஏற முடியாது. அந்தக் கோடையில் நான் ஆசைப்பட்ட ஒரே காரியம் நடக்கவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினபோது, அம்மா என்கூடவே வந்தாள். அவள் போட்டிருந்தது நைனாவின் பழைய கட்டம் போட்ட சட்டை, டீச்சரிடம் முந்தின நாளே வாங்கிவைத்திருந்த டிராக் பேண்ட். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு அத்தை, "ஏமம்மா, எக்கடிக்கி?" என்று எங்கே கிளம்பிவிட்டாய் எனத் தெலுங்கில் கேட்டாள். அம்மா தெலுங்கிலேயே, "செட்டு எக்கடானிக்கி" என்றாள். மரம் ஏறத்தான் போகிறேன் என்று ஒருத்தி இவ்வளவு அமைதியாகச் சொன்னதை அந்தத் தெரு அதற்கு முன் கேட்டதில்லை.

"நீங்களா ஏறப்போறேள்?" என்றாள் டீச்சர்.

"கை சரியானா இவ கேப்பா. அதுக்கு முந்தி நான் ஏறிப் பாக்கணும். சோறு சுடுதான்னு பாத்துட்டுதான ஊட்டறேன்."

பட்டையை மாட்டினாள். முடிச்சைத் தானே போட்டாள், டீச்சரைத் தொடவிடவில்லை. போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வந்து பாரு."

இடது கையால் பார்த்தேன். வளையத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். முனை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தேன். நழுவுகிற முடிச்சை இழுத்துப் பார்த்தேன்.

"சரியா கீது."

"நல்லா பாத்தியா?"

"நல்லா பாத்தேம்மா."

அம்மா கண்ணை மூடிக் கயிற்றைத் தொட்டு ஒற்றிக்கொண்டாள். காலை உந்தி எழுந்தாள். முடிச்சைத் தள்ளினாள். உட்கார்ந்தாள். அவள் பாதம் தரையை விட்டு மேலே போனது. பிள்ளைகள் எல்லோரும், "எக்கு, எக்கு" என்று, ஏறு ஏறு எனத் தெலுங்கில் கத்தினார்கள். கிணற்றில் சங்கிலி இழுத்து இழுத்து அவள் தோள் உரமேறியிருந்தது. நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் முதல் கிளையைத் தாண்டிவிட்டாள். பூவும் இலையுமாகப் பாதி முகம்தான் தெரிந்தது. அங்கே நின்றுவிட்டாள். கயிறு மட்டும் லேசாகச் சுழன்றது.

"அம்மா" என்று கூப்பிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் குரல் வந்தது. "இறுக்கலடி. உக்காந்துக்கினு கீறேன்." அப்புறம், "இங்கேந்து நகரி மூக்கு தெரியுது பாப்பா" என்றாள். நகரி மலையின் அந்த மூக்கு முனையை வீட்டு வாசலிலிருந்தே தினம் பார்க்கிறோம். அவள் அதைப் புதுசாகப் பார்க்கிற மாதிரி சொன்னாள். அதற்கப்புறம் அவள் மெதுவாக, "அக்கா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. யாரைக் கூப்பிடுகிறாள் என்று பிள்ளைகள் விழித்தார்கள். எனக்குத் தெரியும்.

அவள் முடிச்சை நழுவவிட்டுக்கொண்டு இறங்கி வரும்போதுதான் ரோட்டில் சித்தூர் பஸ் வந்து நின்றது. இறங்கின நைனா மரத்தைப் பார்த்தார். அவருக்குப் பக்கவாட்டில்தான் தெரிந்திருக்கும். கிளையிலிருந்து ஒரு கயிறு, அதில் தன் சட்டை, தரையைத் தொடாத இரண்டு பாதங்கள். கையிலிருந்த பை கீழே விழுந்து மாம்பழங்கள் ரோட்டில் உருண்டன. ஓடிவந்தார். நைனா ஓடி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். நேராக வந்து அம்மாவின் கால்களைக் கட்டிப்பிடித்து, தன் பலமெல்லாம் கூட்டி மேலே தூக்கினார்.

நைனா அம்மாவை மரத்தில் ஏற்றிவிடுகிறார் என்று நினைத்து நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

அவர் எதற்காகத் தூக்கினார் என்பது எனக்குக் கல்யாணமெல்லாம் ஆன பிறகு, ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று விளங்கியது. மடித்த துணியைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். இத்தனை வருஷமும் அந்த மனுஷன் வீட்டில் கயிறில்லாததற்கு அம்மாவை ஒரு வார்த்தை கேட்காததும், ஞாயிறு தவறாமல் முதல் பஸ் பிடித்து வந்ததும் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அம்மாவின் அக்காவைப் போல் அம்மாவும் ஆகிவிடுவாளோ என்கிற பயத்தோடுதான் அவர் ஒவ்வொரு சீசனும் சித்தூருக்குப் போயிருக்கிறார். நாங்கள் பார்க்காத நேரத்தில் எல்லாம் அவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

மரத்தில் அம்மாவோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "விடுங்க, கூச்சமா கீது." நைனா விடவில்லை. அவள் குனிந்து அவர் தலையில் கை வைத்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"எனக்கு ஒண்ணும் இல்ல. பாருங்க. உக்காந்துக்கினு கீறேன். பாப்பா முடிச்ச பாத்துதான் அனுப்பிச்சிது."

நைனா கையை எடுத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். டீச்சர் ரோட்டுக்குப் போய் மாம்பழங்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த கோடையில் திருப்பதியில், டீச்சரின் அப்பா வீட்டுக்குப் பக்கத்துத் தோப்பில் ஒரு ஆலமரத்தில் நான் ஏறினேன். காற்றில் உட்கார்ந்தேன், கீழே இருப்பவர்களைப் பார்த்தேன். என் முடிச்சைப் பார்த்தது அம்மா. ஏறினது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அது இல்லை.

டீச்சர் ஊரைவிட்டுப் போகும்போது அந்த நீலப் புள்ளிக் கயிற்றை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அதற்கு வயசாகிவிட்டதாம், இனிமேல் அதில் ஆள் ஏறக் கூடாதாம். புதுசு வாங்கிக்கொள்வாளாம். "துணி காயப்போட நன்னா இருக்கும்க்கா" என்றாள். நைனா துருப்பிடித்த கம்பியை அவிழ்த்துச் சுருட்டி வெளியே வைத்தார். வேப்பமரத்துக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே அம்மா கயிற்றைக் கட்டினாள். இரண்டு பக்கமும் இறுக்காத முடிச்சு.

பள்ளி திறந்த அன்று காலையில் அந்தக் கயிற்றில் இரண்டு புது சிவப்பு ரிப்பன்கள் காய்ந்துகொண்டிருந்தன. அம்மா என்னை உட்காரவைத்து இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பனை மடித்துக் கட்டினாள். கட்டிவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நைனாவைக் கூப்பிட்டாள்.

"முடிச்சு சரியா கீதா பாருங்க."

நைனா பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, குனிந்து, நிதானமாகப் பார்த்தார்.